கீழ்ப் பஞ்சமம்

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு டெனார் யுகுலேலேயை, குட்டி கிதார் மாதிரி இருக்கிற நான்கு ஸ்ட்ரிங் வாத்தியத்தை, ஆன்லைன் கடையின் கார்ட்டில் போட்டு, பணம் கட்டுகிற பக்கம் வரை போய் நிறுத்தினேன். வாங்கியிருந்தால் ஏழாவது. யுகுலேலே வாசிக்கிற நண்பர்களோடு இதைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன். நம் ஆட்கள் இதற்கு யு.ஏ.எஸ். என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வாங்கிக்கொண்டே இருக்கிற நோய் என்று. பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்ததை வாங்கிவிடுகிறோம். எனக்கு இது சிரித்துக் கடக்கிற விஷயமாகத் தெரியவில்லை.

முதல் யுகுலேலே, சின்ன அளவான சோப்ரானோ, 2020 ஊரடங்கில் வந்தது. சின்ன வயதில் அம்மாவிடம் கொஞ்சம் வீணை கற்றுக்கொண்டு பாதியில் விட்டவன் நான். யுகுலேலேயைச் சுருதி சேர்த்து நான்கு ஸ்ட்ரிங்கையும் ஒரு தடவை தடவியபோது உடம்பு சிலிர்த்தது. மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் ஜி, சி, ஈ, ஏ. சி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அவை ப, ஸ, க, த. ரிஷபம் சி ஸ்ட்ரிங்கின் இரண்டாவது ஃப்ரெட்டில், வீணையில் மெட்டு என்கிறோமே அதில், இருக்கிறது. மோகன ராகம் அப்படியே கையில்! ஹவாயில் பிறந்த வாத்தியம் ஒன்று விரலே வைக்காமல் மோகனத்தின் ஐந்தில் நான்கு ஸ்வரங்களைத் தருகிறது என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

சிக்கல் சீக்கிரமே வந்தது. வழக்கமான யுகுலேலேயில் ஜி ஸ்ட்ரிங் முதலில் இருந்தாலும் சி-யை விட உயர்ந்த சுருதி. ஆக, வாத்தியத்திலேயே கீழான ஒலி ஸட்ஜம்தான். பாட்டு அதற்குக் கீழே தைவதத்தையோ பஞ்சமத்தையோ தொட இறங்கினால் கால் வைக்கப் படியே கிடையாது. மேல் பஞ்சமத்தைத் தொட்டு ஒப்பேற்றலாம், காது ஒத்துக்கொள்ளாது. நாம் வளர்ந்த பாட்டுகளில் எத்தனை பல்லவி அந்தக் கீழ்ப் பஞ்சமத்தில் இளைப்பாறிவிட்டு மேலே ஏறுகிறது!

என் தேடல் அங்கேதான் தொடங்கியது. வாத்தியத்தின் உடம்பு பெரிதானால் ஒலி இறங்கும் என்று நம்பி அடுத்த அளவான கான்சர்ட் வாங்கினேன். பிறகு அதைவிடப் பெரிய டெனார். ஒவ்வொன்றிலும் நாதம் கனத்தது, ஆனால் சுருதி அதேதான், அடிமட்டம் அதே ஸட்ஜம். நடுவில் அன்னாசிப்பழ வடிவத்தில் ஒன்று, அது வெறும் ஆசைக்கு. டெனாரைவிடப் பெரிய பாரிடோனில் பஞ்சமம் கிடைத்தது. டி, ஜி, பி, ஈ என்று வரிசையாக ஏறுகிற வாத்தியம் அது. ஆனால் அதே ப, ஸ, க, த அமைப்பில் வாசித்தால் ஸட்ஜம் ஜி-க்குப் போய்விடும். என் குரல் ஒரு கட்டை, அதாவது சி-தான் என் ஸட்ஜம். கூடவே பாட முடியவில்லை. ஆறாவதாக, ஒட்டுப்பலகை இல்லாமல் முழு மரத்தில், அகேஷியாவில் இன்னொரு டெனார் வந்தது.

கடைசியில் ஒரு நண்பர் என் முதல் டெனாரை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன்ப்பா, லோ ஜி போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டார். ஒரே ஒரு ஸ்ட்ரிங். ஜி-யை ஒரு ஸ்தாயி கீழே இறக்குவது. ஸ்ட்ரிங் கொஞ்சம் தடிமன் என்பதால் கழுத்தின் முனையில் ஸ்ட்ரிங்கைத் தாங்குகிற நட்டில் இருக்கிற பள்ளத்தை அரத்தால் லேசாக அகலப்படுத்தினார். அரை மணி நேர வேலை. அன்று மாலை அந்தப் பஞ்சமம் அடிவயிற்றிலிருந்து கேட்டது. மூன்று வருடமாகக் கடைகளில் தேடியது, வீட்டில் இருந்த டெனாரிலேயே இருந்திருக்கிறது.

அம்மாவை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு வீணைதான். மெட்டுகளைப் பிடித்திருக்கிற மெழுகு தளர்ந்து ஸ்வரம் பிசகினால் ஆசாரிக்குச் சொல்லி அனுப்புவாள். அவர் வந்து கூடத்தில் உட்கார்ந்து, 24 மெட்டுகளையும் எடுத்துப் புதிதாக மேளம் கட்டி, அதாவது மெழுகில் சரியான இடத்தில் மறுபடி பதித்துக் கொடுத்துவிட்டுப் போவார். புது வீணை வாங்கலாம் என்ற பேச்சு வந்ததாக எனக்கு நினைவே இல்லை. பணம் இல்லாதது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதைவிட, அந்த வீணை எங்கே முரண்டு பிடிக்கும், எங்கே குழையும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். நான் ஒவ்வொரு முறை புதிது வாங்கும்போதும் அந்தப் பழக்கத்தை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் மனதை உறுத்துவது. ஆறு யுகுலேலே என்றால் 24 ஸ்ட்ரிங். வேலை முடிந்து வந்து எனக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரம். எல்லாவற்றையும் சுருதி சேர்த்தால் பாதி நேரம் போய்விடும். அதனால் இரண்டைத்தான் எடுப்பேன். மற்றவை பைக்குள் கிடக்கும். சென்னையில் மே மாத வெயிலும் ஐப்பசி ஈரமும் முழு மரத்தை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அகேஷியா டெனாரை ஒரு கோடை முழுக்க அலமாரியில் விட்டுவைத்தேன். ஜூலையில் திறந்தால் ஸ்ட்ரிங்குகளைக் கட்டுகிற பிரிட்ஜ் ஒரு பக்கம் பிளந்து தூக்கிக்கொண்டிருந்தது. ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள், வாசிக்கலாம். ஆனாலும் அதைத் தொடும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

இந்த வாத்தியத்தின் கதையைப் படித்தவர்களுக்கு இது இன்னும் உறைக்கும். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பலில் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகப் போர்த்துகீசியக் குடும்பங்கள் ஹவாயின் ஹொனலுலுவில் வந்து இறங்கின. அவர்களில் மானுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரித்து சாந்தோ மூவரும் மர வேலை தெரிந்தவர்கள். தங்கள் ஊரின் மச்செட்டே என்ற குட்டி வாத்தியத்தை மனதில் வைத்து, அங்கே விளைந்த கோவா (koa) என்ற மரத்தில் செய்ததுதான் யுகுலேலே ஆயிற்று. தோட்டக் கூலிக்கு வந்தவர்களின் வாத்தியத்தை ஹவாய் மன்னர் கலாகவா அரண்மனை விருந்துகளுக்குக் கொண்டுபோனார். 1916-இல் சாமுவேல் கமாக்கா தொடங்கிய யுகுலேலே பட்டறையை அவர் குடும்பம் இன்றும் நடத்துகிறது. ஹவாயின் பிரபல யுகுலேலே கலைஞர் ஜேக் ஷிமாபுகுரோ வாசிப்பது கமாக்கா டெனார்தான். அதே நான்கு ஸ்ட்ரிங், அதே உயர்ந்த ஜி. அதில் அவர் காட்டுகிற உலகத்தைக் கேட்டுவிட்டு, என் வாத்தியத்தில் இது இல்லை, அது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் நிறைய யுகுலேலே வாங்கியவர். ஹாரிசன் ஒருநாள் தன் வீட்டுக்கு வந்து தனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, போகும்போது கார் டிக்கியைத் திறந்து நான்கு யுகுலேலேயை விட்டுப் போனார் என்று அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டி ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த மாதிரி வாங்குகிறவருக்குக் கை எடுத்துக் கும்பிடலாம். அவர் டிக்கியில் இருந்தவை இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. என் அலமாரியில் இருப்பவை எங்கேயும் போகவில்லை.

எனவே நான் முடிவு செய்தது இது: லோ ஜி போட்ட டெனார் தினமும் வாசிக்க. முதல் சோப்ரானோவைக் கொடுக்க மனமில்லை, அது என்னோடுதான். ஒட்டிய டெனாரும் இருக்கட்டும், அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பாரிடோன் ஐந்து கட்டையில், அதாவது ஜி-யில் பாடுகிற என் அக்காவுக்கு, அவள் குரலுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி. அன்னாசியைக் கேட்டு ஏற்கெனவே ஒருவர் போன் செய்துவிட்டார். கான்சர்ட் இரண்டாம் மாடியில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு. மாடிப்படியில் நின்று என் வாசிப்பைக் கேட்கிறவள் அவள்.

கார்ட்டில் இருந்ததை இன்று காலை எடுத்துவிட்டேன். கான்சர்ட்டுக்குப் புது ஸ்ட்ரிங் போட்டாயிற்று. நைலான், இன்னும் இரண்டு மூன்று நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். காலையும் மாலையும் முறுக்கிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் சுருதி நின்றுவிடும்.