முன்பணம் யார் கொடுத்தது?

அந்தப் பதிவை எல்லாரும் படிச்சிருப்பீங்க. ஒருத்தர் முப்பது வயசுக்குள்ள சென்னை மேடவாக்கத்துல சொந்தமா ஃபிளாட் வாங்கிட்டாராம், "ஒழுக்கமா சேமிச்சா யாராலயும் முடியும்"னு உபதேசம், கீழே ஹார்ட்டு மழை. ஒன்பதாவது பத்தியில போற போக்குல ஒரு வரி: முன்பணத்துக்கு அப்பா ஊர்ல நிலத்தை வித்துக் கொடுத்தாராம். ஐயா, அதுதான் மேட்டரே! மத்ததெல்லாம் ஜோடனை.

கணக்குப் போடுவோம். 50 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய ஃபிளாட். கடன் 30 லட்சத்தைத் தாண்டினா ரிசர்வ் வங்கி விதிப்படி மதிப்புல 80 சதவீதம்தான், அதாவது 40 லட்சம். மீதி 10 லட்சம் கையிலிருந்து. பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 4.5 லட்சம். வீட்டு மதிப்புல இதைச் சேர்த்துக் கடன் தரமாட்டாங்க. புரோக்கர், வக்கீல், பிராசசிங் ஃபீஸ் சேர்ந்தா 15 லட்சம் தாண்டும். மாசம் 10,000 மிச்சம் பிடிக்கிறவருக்குப் பன்னிரண்டரை வருஷம். அதுவரைக்கும் அந்த ஃபிளாட் அதே 50 லட்சத்துல உட்கார்ந்திருக்குமா?

"வாடகைக் காசை இஎம்ஐயா கட்டலாமே"ன்னு கமெண்ட் வரும். 40 லட்சம், 8.5 சதவீதம், 20 வருஷம்: மாசம் 34,700 ரூபாய். வாடகை அதுல பாதி. வரிச்சலுகையா? குடியிருக்கிற வீட்டு வட்டிக்கு 2 லட்சம் கழிவு பழைய வரிமுறையிலதான், புதுசுல கிடையாது. வரியே கட்டாத வருமானக்காரனுக்கு ரெண்டுமே ஒண்ணுதான்.

"எங்கப்பாவும் கடன் வாங்கித்தான் கட்டினார்"னு சொல்றவங்க கிட்ட எனக்குச் சண்டை இல்ல. ஆனா அவர் கையில சம்பளச் சீட்டு இருந்துச்சு. வீட்டு வசதி வாரிய மனை தவணையில கிடைச்சது அந்தச் சீட்டுக்குத்தான். சரி, கிராமத்துக் குடிசைக்காரருக்கு அரசே தருதேன்னா, கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல 3.5 லட்சம் வாங்கவும் சொந்த இடம், பட்டா வேணும். அங்கயும் முதல்ல கேக்கறது மண்ணைத்தான். ஒழுக்கத்தை எந்தக் கவுண்டர்லயும் கேக்கறதில்ல.

பொறாமைன்னு சொல்லப் போறீங்க. சொல்லிக்கோங்க. அப்பா கொடுத்ததை வாங்கினது தப்புன்னு யார் சொன்னா? கொடுத்ததை மறைச்சுட்டு, இல்லாதவனைச் சோம்பேறின்னு எழுதுறீங்களே, அதுதான் உறுத்துது.

எங்க தெருவுல இஸ்திரி போடுற அண்ணன் 22 வருஷமா வாடகை வீடு. அஞ்சாம் தேதி தாண்டினதில்ல. இது ஒழுக்கமில்லையா? வீட்டுக் கடன் கேட்டுப் போனா, வங்கியில வருமான வரிக் கணக்கு மூணு வருஷத்துக்குக் கேட்டாங்க. சட்டைக்குப் பத்து ரூபா வாங்குறவர் எதைக் காட்டுவார்? தனியார் ஃபைனான்ஸ்ல தர்றேன்னாங்க, வட்டி அஞ்சு சதவீதம் கூட.

போன மாசம் வீடு மாத்தினார். புது வீட்டுக்குப் பத்து மாச அட்வான்ஸ். 2019ல அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் மூணு மாசம்தான்னு சொல்லுது, ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கிட்டா செல்லும். எழுதாம எந்த ஓனர் சாவி தர்றார்? அதுக்கு முன்னாடி என்ன ஆளுங்க, கறி சமைப்பீங்களான்னு விசாரணை வேற. கரண்ட்டு யூனிட்டுக்குப் பத்து ரூபாயாம். அரசு தர்ற இலவச 100 யூனிட் எங்க போச்சுன்னு கேட்டா வேற வீடு பாத்துக்கணும்.

பழைய வீட்டைக் காலி பண்ற அன்னைக்கு அண்ணியும் பொண்ணும் ஆணி அடிச்ச ஓட்டையில எல்லாம் வெள்ளை டூத்பேஸ்ட்டை விரலால அப்பிக்கிட்டு இருந்தாங்க. பெயிண்ட் செலவுன்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுடக் கூடாதேன்னு. ஓனர் மகன் வந்தான், இருபத்தஞ்சு வயசு இருக்கும். படியேறுற சத்தம் கேட்டதும் அண்ணன் மடிச்சுக் கட்டின லுங்கியை இறக்கி விட்டார். அவன் செல்போன் டார்ச்சை அடிச்சுச் சுவரைத் தடவினான். பேஸ்ட் இன்னும் காயல.