அப்பா கடையில் பிறந்த புலி

டைகர் பாம் வலித்தைலக் குடும்பத்தைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் சிங்கப்பூரில் ஆரம்பித்துவிட்டீர்கள். கதை பர்மாவின் ரங்கூனில் அல்லவா தொடங்குகிறது? சீனாவின் ஃபூஜியனிலிருந்து பிழைக்க வந்த வைத்தியர் ஆவ் சூ கின் 1870களில் அங்கே போட்ட மருந்துக்கடைதான் எல்லாவற்றுக்கும் வேர். 1908ல் அவர் இறந்தபின், கற்பூரமும் கிராம்பும் மணக்கும் அந்தத் தைலத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் மகன்கள் பூன் ஹாவும் பூன் பாவும். 'ஹா' என்றால் புலி, 'பா' என்றால் சிறுத்தை. டப்பாவில் பாய்வது அண்ணன். தம்பிக்கு, பாவம், படம் கிடைக்கவில்லை!

1926 வாக்கில்தான் சிங்கப்பூர். 1971ல் கம்பெனி ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அதையும் நீங்கள் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

எங்கள் வீட்டில் சிங்கப்பூர் மாமா பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது கோடாலித் தைலம்தான். அதுவும் ஒரு சீனக் குடியேறி 1928ல் தொடங்கியது. பாட்டி அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பார். தலைவலி என்று அழுதாலும் இரண்டு சொட்டுக்கு மேல் கிடையாது. சோற்றில் வாசனை வந்ததுதான் மிச்சம்.