நாலு ரூபாய் தொண்ணூற்றொன்பது பைசா

வாடிக்கையாளர் ஒருவருக்கு 499 ரூபாய் திருப்பித் தர வேண்டியது. எங்கள் ஏஐ ஏஜென்ட் பணிவாகப் பேசி, மன்னிப்புக் கேட்டு, "உங்கள் பணம் அனுப்பப்பட்டுவிட்டது" என்று சொல்லி, 4 ரூபாய் 99 பைசா அனுப்பி வைத்திருக்கிறது. "ரொம்ப நன்றி, டீக்குக்கூடப் பத்தாது" என்று அவர் பதில் போட்டிருந்தார். சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன். "சார், மாடல் லூசு மாதிரி பண்ணுது, வந்து பாருங்க."

பார்த்தேன். ஏஜென்ட்டின் மூளையாக இருக்கும் மாடல்மேல் ஒரு தப்பும் இல்லை. பணத்தைத் திருப்பி அனுப்ப அது கூப்பிடும் குட்டி புரோகிராம்தான் ரீஃபண்ட் டூல். அதில் 'அமவுண்ட்' என்று ஒரு பாராமீட்டர், அதாவது மாடல் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம். அதற்கு எழுதியிருந்த விளக்கம்: "ரீஃபண்ட் அமவுண்ட்". அவ்வளவுதான். ரூபாயா, பைசாவா? பணத்தைக் கைமாற்றித் தரும் எங்கள் பேமென்ட் கேட்வே தொகையைப் பைசாவில்தான் வாங்கும். 499 ரூபாய் என்றால் 49900 என்று அனுப்ப வேண்டும். டூலை எழுதியவருக்கு இது தெரியும். அவர் பக்கத்து சீட்காரருக்கும் தெரியும். புரோகிராம் கோடுக்குள் கமென்டாகக்கூட எழுதி வைத்திருக்கிறார் புண்ணியவான். மாடலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. மாடல் உங்கள் கோடைப் படிப்பதில்லை ஐயா! டூலின் பெயர், விளக்கம், பாராமீட்டர்களின் ஜேசான் ஸ்கீமா (எந்தக் கட்டத்தில் என்ன மாதிரித் தகவல் என்ற பட்டியல்). இவ்வளவுதான் அதன் கண்ணில் படும். 2023 ஜூனில் ஓபன்ஏஐ ஃபங்ஷன் காலிங் (மாடல் டூல்களைக் கூப்பிடும் வசதி) கொண்டுவந்தபோதே இதுதான் நிலைமை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்சிபியை (டூல்களை மாடலோடு இணைக்கும் ஒரு பொது முறை) வெளியிட்ட பிறகு டூல்களைச் செருகுவது இன்னும் சுலபமாகிவிட்டது. வந்தது வினை. ஆளாளுக்கு ஒரு சர்வர், சர்வருக்கு முப்பது டூல், ஒன்றுக்காவது உருப்படியான விளக்கம் இருக்க வேண்டுமே!

புதிதாகச் சேர்ந்த பையன் என்றால் எட்டிப் பார்த்து, "அண்ணா, இது ரூபாயா பைசாவா?" என்று கேட்பான். ஒருமுறை திட்டு வாங்கினால் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டான். இதற்கோ ஒவ்வொரு உரையாடலும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். வாடிக்கையாளரைத் தேட மூன்று டூல்கள்: 'கெட் கஸ்டமர்', 'ஃபெட்ச் கஸ்டமர்', 'கஸ்டமர் லுக்கப்'. மூன்றுக்கும் ஒரே விளக்கம், "வாடிக்கையாளர் விவரங்களைத் தரும்". ஒன்று போன் நம்பரை வைத்துத் தேடும். இன்னொன்றுக்கு நம் உள் ஐடி வேண்டும். மூன்றாவது பழைய டேட்டாபேஸுக்குப் போவது, கழற்ற மறந்துவிட்டது. (மறந்தது நான்தான், அது வேறு கதை.) மாடல் பாவம், சீட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்து, ஐடி கேட்கும் டூலிடம் போன் நம்பரைக் கொடுக்கிறது. "தப்பு" என்று அந்த டூல் கத்தியிருந்தாலாவது பரவாயில்லை. காலிப் பட்டியலைத் திருப்பித் தருகிறது. உடனே ஏஜென்ட், "உங்கள் பெயரில் கணக்கே இல்லையே" என்கிறது. ஆறு வருஷமாக நம்மிடம் வாங்குகிறவரிடம்!

"இது ஐடி மாதிரி இல்லை, போன் நம்பர் என்றால் 'கெட் கஸ்டமர்' டூலில் தேடு" என்று அந்த டூலிடமிருந்து ஒரு வரி திரும்பி வந்தால் போதும், மாடல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். நானே செய்து பார்த்தேன், வேலை செய்கிறது. தேதிக்கும் இதே கதைதான். 'டெலிவரி தேதி: ஸ்ட்ரிங்' (ஏதோ எழுத்துகள்) என்று மொட்டையாக விட்டால் 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? '2025-04-03 மாதிரி' என்று ஓர் உதாரணம் எழுதப் பத்து விநாடி ஆகுமா?

ஆனால் அதைச் செய்யமாட்டார்கள். மாடலுக்கு முன்கூட்டியே கொடுக்கும் பொது அறிவுரையான சிஸ்டம் ப்ராம்ப்ட்டில் போய், "தொகையை மிக மிகச் சரியாக அனுப்பவும், இது ரொம்ப முக்கியம்!!!" என்று மூன்று ஆச்சரியக்குறி போடுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால், "பெரிய மாடலுக்கு மாறிடலாமா?" என்று ஒன்றரை மணி நேரம் மீட்டிங். பெரிய மாடலுக்கு மட்டும் உங்கள் கேட்வே பைசாவில் வாங்குவது எப்படித் தெரியும்? ஜோசியமா பார்க்கும்?

கடைசியில் ரீஃபண்ட் டூலின் விளக்கத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். "பணத்தை உடனே வாடிக்கையாளருக்கு அனுப்பும், அனுப்பினால் திரும்பப் பெற முடியாது. தொகை பைசாவில், முழு எண்ணாக: 499 ரூபாய்க்கு 49900. டெலிவரிக்கு முன்பே ரத்தான ஆர்டருக்கு இதைப் பயன்படுத்தாதே, அதற்கு 'கேன்சல் ஆர்டர்' இருக்கிறது." அரைப் பத்திகூட இல்லை. ரிவ்யூவில் ஒரு மகானுபாவர் கமென்ட் போட்டார்: "டிஸ்கிரிப்ஷன் ரொம்ப நீளம், டோக்கன் வேஸ்ட்." (மாடல் படிக்கும் எழுத்துத் துண்டுதான் டோக்கன், அதற்குத்தான் காசு.) அவர் டூல் ஒரு ஆர்டரைக் கேட்டால் கிடங்கு விவரம் வரைக்கும் நானூறு வரி ஜேசான் தகவலைக் கொட்டும். அந்த டோக்கன் எல்லாம் யார் வீட்டுக் காசோ தெரியவில்லை.

சரி, திருந்திவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நேற்று சாயங்காலம் ரிவ்யூவுக்குப் புது டூல் ஒன்று வந்தது. பெயர் 'அப்டேட் நியூ 2'. விளக்கம் இருக்க வேண்டிய இடத்தில், "பிறகு எழுத வேண்டும்". கீழே எனக்கு ஒரு மெசேஜ்: "சின்ன சேஞ்ச்தான் சார், சீக்கிரம் அப்ரூவ் பண்ணிடுங்க."