வரிப் பட்டியல் மக்கள்தொகைக் கணக்கு அல்ல

"1332-ஆம் ஆண்டு வரிப் பட்டியலில் 20 பெயர்களே உள்ளன, ஆகவே அந்த இங்கிலாந்துக் கிராமத்தில் இருந்தவை 20 குடும்பங்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, நண்பரே.

அது தலைவரி அன்று. அசையும் பொருள்களின் மீதான வரி. உழவு எருது, பசு, ஆடு, களஞ்சியத் தானியம் ஆகியவற்றை மதிப்பிட்டுக் கிராமப்புறத்தில் 15-இல் ஒரு பங்கு வாங்கினார்கள். நகரங்களில் 10-இல் ஒரு பங்கு. கிராமத்தில் ஒருவரின் பொருள் மதிப்பு 10 ஷில்லிங்கைத் தொடாவிட்டால் வரியே கிடையாது. ஒற்றைப் பசுவோடு காலம் தள்ளிய விதவையும் நிலமற்ற கூலியாளும் அந்தப் பட்டியலில் ஏறவே மாட்டார்கள். அவர்களை இல்லாதவர்களாக்கிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

1334-இல் முறையே மாறியது. ஊருக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை நிர்ணயித்தார்கள். அதை யார் எவ்வளவு கொடுப்பது என்பதை ஊராரே பிரித்துக்கொண்டார்கள். அதனால் முன்பு விலக்குப் பெற்ற ஏழைகளின் தலையிலும் சுமை ஏற வழி பிறந்தது. பெயர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் நின்றுபோயின.

மக்கள்தொகைதான் வேண்டுமென்றால் 1377-ஆம் ஆண்டுத் தலைவரியைப் பாருங்கள். 14 வயதைக் கடந்தவர்கள், பிச்சைக்காரர்கள் நீங்கலாக, தலைக்கு 4 பென்னி கட்டினார்கள். 1381-ஆம் ஆண்டுக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்: வரி 12 பென்னியானதும் ஏராளமானோர் மறைக்கப்பட்டார்கள். சுமார் 13.5 லட்சமாக இருந்த வரி கட்டியோர் எண்ணிக்கை நான்கே ஆண்டுகளில் 9 லட்சமாகச் சரிந்தது.