ரோசா பார்க்ஸ்: தற்செயல் இல்லை

"வேலை முடிந்து களைத்துப்போன ஒரு தையல்காரம்மா பஸ்ஸில் எழ மறுத்தார், தற்செயலாகப் போராட்டம் வெடித்தது" என்றுதான் அமெரிக்காவின் ரோசா பார்க்ஸ் கதையைப் பலர் சொல்கிறார்கள். தையல் வேலையும் எழ மறுத்ததும் நிஜம்; தற்செயல் என்பதுதான் நிஜமில்லை. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸுக்கு 42 வயது. 1943 முதலே, கறுப்பர் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மான்ட்கோமரி நகர (அலபாமா மாநிலம்) கிளைச் செயலாளராகச் செயல்பட்டவர். அன்று பஸ்ஸில் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய முன்வரிசைகளிலும் அவர் உட்காரவில்லை. முன்பக்கம் நிரம்பிவிட்டதால், ஒரே ஒரு வெள்ளைக்காரர் உட்கார நான்கு கறுப்பர்கள் எழ வேண்டும் என்றார் டிரைவர். மூன்று பேர் எழுந்தார்கள். பார்க்ஸ் எழவில்லை; கைதானார்.

அதே வருடம் மார்ச்சிலேயே 15 வயது கிளாடெட் கால்வின் இதே குற்றத்துக்குக் கைதானார். (யாருக்கு ஞாபகம்?) பஸ் பாகுபாட்டை ஒழித்த பிரவுடர் எதிர் கேல் வழக்கில் வாதி அந்தச் சிறுமிதான், மேலும் மூன்று பெண்களோடு. பார்க்ஸ் அதில் இல்லவே இல்லை.

பார்க்ஸ் கைதானதும் கறுப்பர்கள் தொடங்கிய பஸ் புறக்கணிப்புக்கான துண்டறிக்கைகளை ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கில் சைக்ளோஸ்டைல் செய்தவர் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன். பஸ்களைப் புறக்கணிக்க நேரிடும் என்று அவர் மேயருக்குக் கடிதம் எழுதியது 1954 மே மாதம். அதாவது பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை வருடம் முன்பு.