மீனைத் தொட்டால் மாந்தமா?

"பால் கொடுக்கிறவள் மீனைத் தொட்டால் பிள்ளைக்கு மாந்தம் வரும், ஆறு மாசம் பூண்டுக் கஞ்சியே போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள் அக்கா. பூண்டு சரி, மற்றது சரியில்லை.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் பெண்ணுக்கு, வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளுக்குச் சுமார் 600 கலோரி வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். வெறும் கஞ்சியில் புரதம் குறைவு, பதினொரு மணிக்கே கண்ணைக் கட்டும். சம்பா அரிசிக் கஞ்சியோடு சிறுபயறும் தேங்காய்த் துவையலும் இருந்தால் பசி தாங்கும். மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) அப்படித்தான். தனியாகத் தின்றால் மாவுச்சத்துதான், சாளை (மத்தி மீன்) கறியோடு என்றால் கதையே வேறு. (மரச்சீனி அவித்த தண்ணீரை மறக்காமல் வடித்துக் கொட்டுங்கள்.)

சாளை, நெத்திலியில் பாதரசம் குறைவு, ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு நிறைய. பால் ஊறும் என்று நம்மூரில் தேடி வாங்கும் சுறாவில்தான், அதுவும் பெரியதில், பாதரசம் கூடுதல். வேடிக்கைதான்!

ராத்திரி பால் கொடுக்க எழும்பினால் பிஸ்கட்டுக்குப் பதில் இரண்டு மட்டி வாழைப்பழம், ஒரு பிடி வேர்க்கடலை. அப்புறம், நன்றாகச் சாப்பிட்டும் சோர்வு போகாவிட்டால் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.