கெர்னிக்கா ஒரே மூச்சில் வரைந்ததல்ல

"கெர்னிக்காவை பிக்காசோ எந்தத் தயாரிப்பும் இல்லாமல் நேரடியாகக் கேன்வாஸில் வரைந்தார், அவர் பென்சிலால் வரைந்த தாள்கள் வெறும் சிறுபிள்ளைக் கிறுக்கல்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு.

இந்த ஓவியத்துக்குக் காரணமான குண்டுவீச்சு ஸ்பெயினின் கெர்னிக்கா நகரில் நடந்தது 1937 ஏப்ரல் 26-ல். மே 1 அன்றே நீலத் தாளில் பென்சில் வரைவுகளைத் தொடங்கிவிட்டார். முதல் தாளில் இருப்பவை அவசரக் கோடுகள்தான். ஆனால் காளையும் குதிரையும், சன்னல் வழியே கையை நீட்டி விளக்குப் பிடிக்கும் பெண்ணும் அதிலேயே வந்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 7.8 மீட்டர் அகலமுள்ள முடிந்த ஓவியத்திலும் அந்தக் கை அப்படியே நீண்டிருக்கிறது.

குழந்தை வரைந்தது போன்ற குதிரை ஒன்று அன்றைய தாள்களில் இருப்பது உண்மை. அதை வைத்துத்தான் கிறுக்கல் என்கிறீர்கள் போல. மறுநாள் வரைந்த குதிரைத் தலையையும் பாருங்கள்: பிளந்த வாய், துருத்திய பற்கள், ஆணி போல் கூர்மையான நாக்கு. இப்படி வரையத் தெரிந்த கை முந்தின நாள் எளிமையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது என்பதே என் எண்ணம்.

அதற்காக, வரைவுகளை அப்படியே பெரிதாக்கினார் என்றும் சொல்ல முடியாது. குதிரையின் காயத்திலிருந்து வெளிவரும் சின்னச் சிறகுக் குதிரை வரைவோடு நின்றுவிட்டது. கேன்வாஸிலும் மாற்றங்கள் தொடர்ந்தன. ஓவியம் உருவாகும்போதே புகைப்படக் கலைஞர் டோரா மார் எடுத்த தொடக்கநிலைப் படங்களில் வீழ்ந்த வீரன் முஷ்டியை உயர்த்தியிருக்கிறான். பிறகு பிக்காசோ அதை அழித்துவிட்டார். தாழ்ந்திருந்த குதிரைத் தலை நிமிர்ந்ததும் அந்த வாரங்களில்தான்.